களை பறித்த கையும் கட்டுரை எழுதும் கையும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில், மாலைக் கல்வி மைய அறிவியல் ஆசிரியர் குழுவின் சார்பில் படிக்கப்பெற்ற உரை)



ஓட்டுக் கட்டடம் ஒன்றில் ஒரே குழல்விளக்கின் கீழ் மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கல்விச் சங்கம் இன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து நிற்கிறது. நம் ஊரோ கல்லூரிகள் நிறைந்த ஊர். தூய யோவான் கல்லூரி 1878-லும், சாராள் தக்கர் கல்லூரி 1895-லும், தூய சவேரியார் கல்லூரி 1923-லும் இங்குத் தோன்றின. தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைப் பிறர் புகழ்ந்துரைத்த காலத்தில், நம் பாட்டன் பாட்டியருள் பெரும்பாலோர் அக்கல்லூரிகளின் மதிற்சுவரை வயலுக்குப் போகும் வழியில் கண்டதோடு சரி. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் அவ்வகுப்பறைகளில் அமர்ந்து பட்டம் பெறுகின்றனர். இது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும், பிறர் கண்டறிந்ததைப் பயின்று தேர்வு எழுதுவது கல்வியின் முதற்படி. நாமே ஒன்றைக் கண்டறிந்து உலகுக்கு எழுதி அறிவிப்பது அடுத்த படி. அந்த அடுத்த படியைப் பற்றியும், அதில் ஏற முயன்று நாங்கள் சறுக்கிய கதையைப் பற்றியும் இன்று கூற விழைகின்றோம்.

சென்ற ஆண்டு நம் மாணவியர் இருவர் ஓர் அறிவிப்பைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினர். பரிணாம உயிரியல் ஆய்விதழ் ஒன்று, வேளாண் நிலங்களில் நிகழும் பரிணாமம் என்னும் பொருள்பற்றிச் சிறப்பிதழ் வெளியிடவிருக்கிறது, இன்ன தேதிக்குள் கட்டுரைகளை அனுப்புக என்பது அச்செய்தி. "இதற்கு நாமும் எழுதலாமா, சார்?" என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வி எங்களைத் திடுக்கிடச் செய்தது. எழுதலாகாது என்று சொல்ல எங்களிடம் காரணம் ஒன்றும் இல்லை. எழுதலாம் என்று சொல்லவோ துணிவும் இல்லை.

சிறப்பிதழ் என்றால் என்னவென்று முதலில் கூறிவிடுகின்றோம். நம் வெள்ளி விழா மலருக்குக் குழு ஒன்று அமைத்து, பொருள் குறித்து, தேதி குறித்துக் கட்டுரை கேட்டோம் அல்லவா? ஆய்விதழின் சிறப்பிதழும் அவ்வாறே. அதற்கெனச் சிறப்பாசிரியர் ஒருவரோ இருவரோ அமர்த்தப்படுவர். அவர்கள் ஒரு பொருளைக் குறித்து, அதில் உழைப்போர் எங்கிருந்தாலும் எழுதுக என்று அழைப்பர். இலண்டன் ராயல் கழகம் 1665-ல் தொடங்கிய பழம்பெரும் ஆய்விதழின் உயிரியற் பிரிவு இக்காலத்தில் இவ்வகைச் சிறப்பிதழ்களையே வெளியிட்டு வருகிறது. நம் நாட்டிலும், அறிவியலறிஞர் ஹால்டேன் பிறந்த 125-ஆம் ஆண்டை ஒட்டி 2017-ல் ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ் ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது.

பெரிய கழகங்களின் ஏடுகளில் மட்டுமே பெரிய உண்மைகள் தோன்றும் என்று எண்ணிவிட வேண்டா. மரபியலின் தந்தை எனப்படும் மெண்டல், பட்டாணிச் செடிகளைக் கொண்டு தாம் கண்டறிந்ததை 1865-ல் புருன் நகர இயற்கை ஆய்வுச் சங்கத்தின் கூட்டத்தில் படித்தார். அச்சங்கத்தின் ஆண்டு மலரில் அஃது 1866-ல் அச்சாயிற்று. உலகம் அதன் அருமையை உணர 1900 ஆயிற்று. அச்சில் ஏறியிருந்தமையால் அன்றோ முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அதைக் கண்டெடுக்க இயன்றது! வாயோடு போயிருந்தால் அவரோடு அடக்கமாகியிருக்கும்.

இனி, பரிணாமத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. அது கசப்பான தொடர்பாகவே தொடங்கிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் மக்கள் அளக்கப்பட்டனர். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து, அந்த விகிதத்தைக் கொண்டு சாதிகளை மேல் கீழ் என வரிசைப்படுத்தலாம் என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராய் இருந்த தர்ஸ்டனும் அளவுகோல்களோடு ஊர்தோறும் சென்று தலையையும் மூக்கையும் அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு அவர் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அளந்தவர்களின் பெயர் நூலின் முகப்பில் நிலைத்தது. அளக்கப்பட்டவர்கள் வெறும் எண்களாய் அட்டவணைக்குள் அடங்கினர். பரிணாமம் என்ற சொல்லையே சிலர் திரித்து, வலியோர் மேலே இருப்பது இயற்கையின் ஆணை என்றும் பேசினர்.

இதற்கு விடை சொன்னவர் யார்? நம் அண்ணல் அம்பேத்கர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில் 1916 மே 9-ஆம் நாள் அவர் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள் என்பது அதன் பொருள். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அடுத்த ஆண்டே அக்கட்டுரை இந்தியன் ஆன்டிகுவரி என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. சாதியின் உயிர்நாடி இரத்தமும் அன்று, நிறமும் அன்று. தமக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் அகமண முறையே சாதியைப் படைத்துக் காக்கிறது என்று அவர் நிறுவினார். பின்னர் 1948-ல், தீண்டாதார் யாவர் என்னும் நூலில், மூக்களவுக் கணக்கையே எடுத்துக்கொண்டு, அந்த எண்களே இனவேற்றுமைக் கொள்கையைப் பொய்யாக்குகின்றன என்று காட்டினார்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2013-ல், ஹைதராபாத் உயிரணு மூலக்கூற்று உயிரியல் மைய அறிஞரும் ஹார்வர்டு அறிஞரும் கூடி இந்திய மக்கள் குழுக்கள் பலவற்றின் மரபணுக்களை ஆராய்ந்து, அமெரிக்க மனித மரபியல் ஆய்விதழில் எழுதினர். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்நாட்டில் மக்கள் பரவலாகக் கலந்து மணந்தனர் என்றும், அதன் பின்னரே அகமணம் இறுகிற்று என்றும் அவர்கள் கண்டனர். படைப்புக் காலம் முதல் பிரிந்தே இருந்தோம் என்பது கட்டுக்கதை என்று ஆயிற்று. பரிணாம உயிரியலை நாம் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. அளக்கப்பட்டவர்கள் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே அம்பேத்கர் நமக்குக் காட்டிய வழி.

ஆயினும் எம் மாணவியர் எழுத விரும்பியது மரபணுவைப் பற்றி அன்று. அதற்கு வேண்டிய கருவிகள் நம்மிடம் இல்லை. அவர்கள் எழுத விரும்பியது களையைப் பற்றி.

பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமும் விளையும் வயல்களை நீங்கள் அறிவீர்கள். அவ்வயல்களில் நடவும் களையெடுப்பும் நம் தாய்மார் கைகளால் நடந்தவை. நெல்லுக்கு இடையே குதிரைவாலிப் புல் முளைக்கும். அதில் ஒரு வகை, கதிர் தள்ளும் வரை நெல்லைப் போலவே நிற்கும். படர்ந்து கிடக்க வேண்டிய புல் நிமிர்ந்து நிற்கும். செந்நிறம் காட்ட வேண்டிய அடித்தண்டு பச்சையாய் இருக்கும். படித்தவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. களையெடுக்கும் ஆச்சிமார் விரலுக்கு மட்டும் அது தப்பாது. இலை தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்குச் சிறு நாக்குப் போன்ற சவ்வு உண்டு. அப்புல்லுக்கு அது கிடையாது. குனிந்த நிலையில், கண்ணால் பாராமலே, விரலால் தடவி அவர்கள் பிரித்துவிடுவர்.

புல் ஏன் நெல்லைப் போல ஆயிற்று? இதற்கு அறிவியல் கூறும் விடை வியப்பானது. களையெடுப்பவர் கண்ணில் பட்ட புல்லெல்லாம் பறிபட்டது. நெல்லைச் சற்றே ஒத்திருந்த புல் தப்பி, விதை உதிர்த்தது. அவ்விதையில் முளைத்தவற்றுள் இன்னும் ஒத்திருந்தது இன்னும் தப்பிற்று. இப்படித் தலைமுறை தலைமுறையாகக் களையெடுத்த கைகளே அப்புல்லின் உருவத்தைச் செதுக்கின. இதனை வாவிலோவ் போலிமை என்று அறிஞர் அழைப்பர். பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகெல்லாம் அலைந்து, ஸ்டாலின் ஆட்சியில் சிறைப்பட்டு 1943-ல் சிறையிலேயே மாண்ட ரஷ்ய அறிஞர் வாவிலோவின் பெயரால் அமைந்த சொல் அது. இக்களைப் போலிமை பற்றி 1983-ல் பாரெட் என்னும் தாவரவியலறிஞர் விரிவாக எழுதினார். 2019-ல் சீன அறிஞர்கள் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கின் குதிரைவாலிப் புற்களை மரபணு வழி ஆராய்ந்து, நெல்லை ஒத்த வகை சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்து உருவாயிற்று என்று நேச்சர் எக்காலஜி அண்ட் எவல்யூஷன் என்னும் ஆய்விதழில் எழுதினர். அது மனிதர் செய்த தேர்வின் விளைவு என்று அவர்கள் முடிவு கட்டினர்.

மனிதர் செய்த தேர்வு என்கிறார்களே, அந்த மனிதர் யார்? வரப்பில் குடைபிடித்து நின்றவர் அல்லர். சேற்றில் குனிந்து நின்றவர். தாமிரபரணிக் கரையில் அத்தகையோர் யாவர் என்பதை இந்த அவைக்கு நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. கூலிக்காகக் குனிந்தவர்கள், தாம் அறியாமலே, பரிணாமத்தின் கருவிகளாய் இருந்தனர்.

எளிய கண்ணும் எண்ணும் பொறுமையும் கொண்டு ஆய்விதழ் வரை செல்ல இயலுமா என்று ஐயுறுவோர்க்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று இந்திய இளைஞர் வருந்துவதை அவர் ஏற்கவில்லை. சுற்றிலும் உள்ள செடியையும் பூச்சியையும் எண்ணுங்கள் என்றார். அவருடன் பணிபுரிந்த ராய் என்பவர் பவளமல்லிப் பூவுக்கு இதழ்கள் எத்தனை என்று எண்ணினார். காயங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த டேவிஸ் என்பவர் தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தார். சில மரங்களில் மட்டைகள் இடஞ்சுழியாகவும் சிலவற்றில் வலஞ்சுழியாகவும் அடுக்கப்பட்டிருப்பதைக் கணக்கெடுத்தார். இச்சுழி தாய்மரத்திலிருந்து பிள்ளைமரத்திற்கு இறங்குகிறதா என்று பார்க்கக் கன்றுகளையும் ஆராய்ந்து, இறங்கவில்லை என்று கண்டார். இடஞ்சுழி மரங்கள் சற்று மிகுதியாகக் காய்ப்பதையும் கண்டார். இவ்விரண்டையும் 1962, 1963-ஆம் ஆண்டுகளில் ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ் வெளியிட்டது. 1910-ல் இங்கிலாந்தில் தொடங்கி, ஹால்டேனோடு இந்தியாவுக்குக் குடிவந்த இதழ் அது. 1985 முதல் இந்திய அறிவியல் கழகம் அதனை வெளியிடுகிறது. டேவிஸ் பல நாடுகளில் திரட்டிய தென்னைக் கணக்கை 2006-ல் வேறு அறிஞர்கள் எடுத்துப் புதிதாக ஆராய்ந்தனர். அவர் பிற்காலத்தில் பணிபுரிந்த இடம் நமக்கு அண்மையது: நாகர்கோவிலில் ஹால்டேன் பெயரால் அமைந்த ஆராய்ச்சி மையம். தென்னையை அண்ணாந்து பார்க்க நாம் யாருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை அல்லவா?

இத்துணைச் சான்றுகளையும் சொல்லி மாணவியர்க்கு ஊக்கமூட்டினோம். அவர்களும் வயல்களுக்குச் சென்றனர், குறித்தனர், எழுதினர். நாங்கள் திருத்தினோம். குறித்த நாளுக்கு முன்தினம் இரவு கட்டுரை அனுப்பப்பட்டது. சில மாதங்களில் அது திரும்பி வந்தது.

திரும்பிய கடிதத்தில் இகழ்ச்சி ஏதும் இல்லை. மதிப்பீட்டாளர் இருவர் தம் குறைகளைத் தெளிவாக எழுதியிருந்தனர். ஒருவர், கைக்களை எடுக்கும் வயல்களை மட்டும் பார்த்துள்ளீர்கள், களைக்கொல்லி தெளிக்கும் வயல்களை அவற்றோடு ஒப்பிட வேண்டாமா என்று கேட்டார். மற்றவர், புல் நிமிர்ந்து நிற்பது பிறவிக் குணமா அல்லது நெல்லின் நிழலில் நெருங்கி வளர்வதால் வந்ததா, இரு வகை விதையையும் ஒரே மண்ணில் விதைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். டேவிஸ் தென்னங்கன்றுகளை வைத்துச் செய்ததும் அதுவே அன்றோ! அவரைப் புகழ்ந்து பேசிய நாங்கள் அவர் செய்ததைச் செய்யாது விட்டோம். நியாயமான கேள்விகள், நாங்கள் தலைகுனிந்தோம்.

ஆயினும் எங்களை இன்னும் ஆழமாகத் தைத்த குறையை அம்மதிப்பீட்டாளர் அறியார். கட்டுரை திரும்பிய செய்தியை மாணவியருள் ஒருத்தி தன் ஆச்சியிடம் சொல்லியிருக்கிறாள். நெல்லையும் புல்லையும் விரலால் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஆச்சிதான். மூன்று நாள் எங்களோடு வரப்பில் நடந்து ஒவ்வொன்றாய்க் காட்டியவரும் அவரே. அவர் கேட்டது ஒன்றே: "அதுல எம் பேரு இருக்காட்டீ?"

இல்லை. கட்டுரையின் தலைப்பின் கீழ் எங்கள் பெயர்கள் இருந்தன. நன்றியுரைப் பகுதியில் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பெயரும், கணினி தந்து உதவியவர் பெயரும் இருந்தன. ஆச்சியின் பெயர் எங்கும் இல்லை. உள்ளூர் வேளாண் தொழிலாளர் உதவியுடன் களைகள் அடையாளம் காணப்பட்டன என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தோம். தர்ஸ்டனின் அட்டவணையைக் கண்டு கொதித்த நாங்கள், எங்கள் தாயை அட்டவணைக்குள் தள்ளிவிட்டோம். யாரும் எங்களை அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. பெரிய இதழுக்கு எழுதுகிறோம் என்ற எண்ணத்தில், பெரியவர் பெயரே அங்கு இருக்க வேண்டும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். இந்த விழா மேடையில் இதனை ஒப்புக்கொள்வது எங்கள் கடமை. ஆச்சி அவர்கள் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த அனுபவத்தால் நாங்கள் கற்றவற்றை இளைஞர்களுக்குச் சுருங்கக் கூறுகின்றோம்.

முதலாவதாக, கேள்வியை முதலில் தெளிவு செய்க. கட்டுரைக்கு அழைப்பு வந்த பிறகு ஆய்வைத் தொடங்குவது, விருந்தினர் வந்த பிறகு நாற்றுப் பாவுவது போன்றது. கையில் ஈராண்டுக் குறிப்பேடு இருந்தால், தக்க சிறப்பிதழ் வரும்போது அனுப்பலாம். நாள், இடம், எண்ணிக்கை, பார்த்தவர் பெயர் ஆகிய நான்கும் அன்றன்றே குறிக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, சிறப்பிதழின் பொருளோடு நம் செய்தி பொருந்துமா என்று அனுப்பும் முன்பே சிறப்பாசிரியருக்கு மடல் எழுதிக் கேட்கலாம். சுருக்கம் ஒன்றை இணைத்தால் போதும். இதில் நாணத்திற்கு இடமில்லை. உலகெங்கும் உள்ள வழக்கம் அது.

மூன்றாவதாக, போலி இதழ்களிடம் ஏமாறாதீர்கள். தங்கள் பேராய்வைக் கண்டு வியந்தோம், பணம் அனுப்பினால் மூன்றே நாளில் வெளியிடுவோம் என்று புகழ்மாலை சூட்டி வரும் மடல்கள் பல. அங்கு மதிப்பீடும் இல்லை, மதிப்பும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் நல்ல இதழ்களுக்குக் கேர் என்னும் பட்டியல் வகுத்திருந்தது. 2025-ல் அதைக் கைவிட்டுவிட்டது. ஆகவே பகுத்தறியும் பொறுப்பு இனி நம்முடையது. கட்டணம் கேட்கும் நல்ல இதழ்களும் உண்டு. கட்டணம் கேளாத நல்ல இதழ்களும் உண்டு. அனுப்பும் முன் அறிந்துகொள்க. கட்டணக் குறைப்பு உண்டா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

நான்காவதாக, திரும்பி வருவதைத் தோல்வி என்று கொள்ளாதீர்கள். பெரும்பேரறிஞர் கட்டுரைகளும் திரும்புகின்றன. மதிப்பீட்டாளர் யார் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. சில இதழ்களில் நாம் யார் என்பதும் அவர்க்குத் தெரியாது. ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, பின்பு தண்ணீர் தரலாமா என்று எண்ணும் வழக்கத்தை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். பெயரை மறைத்துக் கட்டுரையை மட்டும் நிறுத்துப் பார்க்கும் முறை எவ்வளவு குறையுடையதாயினும், நமக்கு அது ஒரு வாயில். அவ்வாயிலில் வரும் கண்டிப்பை அவமதிப்பு என்று பிழைபட உணர வேண்டா. எங்கள் கட்டுரையைக் குற்றம் சொன்ன இருவரும், அதனை ஊன்றிப் படித்திருந்தனர். ஊன்றிப் படிக்கப்படுவதும் ஒரு மரியாதையே.

ஐந்தாவதாக, அறிவு தந்தவர் பெயரைக் கேட்டு, அவர் இசைவு பெற்று, உரிய இடத்தில் எழுதுக. பங்கு பெரிதாயின் ஆசிரியருள் ஒருவராக எழுதுக. கையெழுத்து இடத் தெரியாமை அதற்குத் தடையன்று. கட்டுரையை அவர்க்குத் தமிழில் படித்துக் காட்டுக. ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் எழுதிக்கொள்வது நமக்கும் நல்லது. தமிழில் தெளியாத எண்ணம் ஆங்கிலத்தில் தெளியாது.

இப்போது சங்கக் கட்டடத்தின் பின்புறம் தொட்டிகளில் இரு வகைப் புல்லும் ஒரே மண்ணில் விதைக்கப்பட்டுள்ளன. நெல்லின் நிழல் அங்கு இல்லை. அவை நிமிர்ந்து வளருமா, படர்ந்து வளருமா என்பதை இனிமேல்தான் காண வேண்டும். விடை எதுவாயினும் அதை அப்படியே எழுதுவோம். களைக்கொல்லி தெளித்த வயல்களையும் பார்ப்போம். கட்டுரை மீண்டும் அனுப்பப்படும். ஆச்சி பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்கும். அதற்கு அவர்கள் இசைந்துள்ளார்கள்.

இதில் காலம் தாழ்த்த இயலாது. களைக்கொல்லி வந்தபின் கைக்களை குறைந்து வருகிறது. நம் பிள்ளைகள் சேற்றில் குனிய வேண்டா என்பதே நம் அனைவரின் விருப்பம். அதற்காகவே இச்சங்கம் தோன்றிற்று. ஆனால் குனிந்தவர்கள் விரல் நுனியில் வைத்திருந்த அறிவும் அவர்களோடு மறைந்து போக வேண்டுமா? அந்த விரல்களில் பல இன்று எழுபது வயதைக் கடந்தவை. இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்றால் கேட்க ஆள் இருக்காது. ஆதலால் இளைஞர்களே, இவ்விழா முடிந்து வீடு சென்றதும் உங்கள் ஆச்சியிடம், தாத்தாவிடம், எந்தப் புல், எந்த மீன், எந்தப் பறவை, எந்த நெல் என்று கேட்டு, தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். மேலே அவர்கள் பெயரை எழுதுங்கள்.